பெயர் கொத்திய வளையம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து எருசலேமுக்குப் புனிதப் பயணம் கிளம்பிய கூட்டம், வழியில் எகிப்தின் பழங்கோயில் ஒன்றிலும் இறங்கியது. இரும்பு ஆலையில் வருகைப்பதிவு பார்க்கும் கிளார்க் ஜெயராஜுக்குப் பருந்துத்தலைச் சாமிகளிடம் அக்கறையில்லை. நிழல் கிடைத்தால் போதும். ஆனால் வழிகாட்டி ஒரு சுவரைக் காட்டிச் சொன்னதை, கூட்டத்தை அழைத்து வந்த ஃபாதர் தமிழில் சொன்னபோது, அவன் நின்றுவிட்டான்.

"இந்தக் கயிற்று வளையத்துக்குள்ளதான் ராஜா பேரை எழுதுவாங்க. பேரு இருக்குற வரைக்கும் செத்தவனுக்கும் வாழ்வு உண்டு. பேரைக் கொத்தி எடுத்துட்டா அவன் ரெண்டாவது தடவை சாவான். இந்தப் பேரைக் கொத்தி எடுத்தவன் பேரையும் அவனுக்கு அப்புறம் வந்தவன் கொத்தி எடுத்துட்டானாம்."

வளையம் அப்படியே இருந்தது. உள்ளே வெறும் உளித்தழும்பு.

"இன்னாங்க, இப்டி வேர்த்து ஊத்துது?" என்றாள் மனைவி மேரி.

வெயில் என்றான். போன மாதம் உலை வெடித்துச் செத்த ஒப்பந்தத் தொழிலாளி அன்புவின் பெயரை, மேனேஜர் சொன்னதும் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கியது அவன் விரல்தான். கேட்டில் வந்து அழுத அன்புவின் மனைவியிடம், "அப்டி ஒரு பேரே இங்க இல்லம்மா" என்று சொன்னதும் அவன் வாய்தான்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை காலை, ஆலை கேட்டில் இருந்த வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைத் துடைத்துவிட்டு வைத்தான். மறுபடியும் சிவப்பு. உள்ளே போலீஸ் ஜீப் நின்றிருந்தது.

பன்னிரண்டு வருஷமாக அவனோடு டீ குடித்த வாட்ச்மேன் பார்த்திபன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அப்டி ஒரு பேரே இங்க இல்லீங்க."