நாலடி நாலங்குலம்

என் அளவு தப்பாது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். சட்டைப்பையில் பேனா இல்லாமல் போயிருக்கிறேன், டேப்பு இல்லாமல் போனதே இல்லை. அதனால்தான் என் மனைவி பவானிக்கு எத்தனை நீளத்தில் படுக்கை வேண்டும் என்று அவளிடம் கேட்காமல் நானே அளந்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருடம். இத்தனை காலத்தில் பவானியை நான் ஊர் சுற்றிக்காட்டிய லட்சணம், யூனியன் பஸ்ஸில் ஒரு தடவை திருப்பதி, அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் ஷிஃப்டு, ஓவர்டைம், பிள்ளைகளுக்குப் பரீட்சை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நினைப்பு என்னை அரிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. கேம்பர் டிரெய்லர் என்கிறார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. லாட்ஜில் மூட்டைப்பூச்சிக்குப் பயப்பட வேண்டாம், எங்கே பிடித்திருக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இதைவிட நல்ல பிராயச்சித்தம் எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. என் தோஸ்து திலீப் திருவொற்றியூரில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருக்கிறான். அவனுடைய ஷெட்டில், அவனுடைய பழைய ஜீப்புக்கு ஏற்றபடி, ஐந்து மாதம் பாடுபட்டு அந்த வண்டியைக் கட்டினேன்.

பத்து நாள் பயணம். கடலோரமாகவே தெற்கே போய்த் திரும்ப வேண்டும் என்பது என் திட்டம். பவானியிடம் சொன்னபோது, "பாக்கலாம்யா" என்றாள். வேலை ஆரம்பித்தபோதும் பாக்கலாம், கூரை போட்டபோதும் பாக்கலாம். வர்றேன் என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவள் வராவிட்டால் அந்த வண்டி எதற்கு?

உள்ளே நீளம் ஏழரை அடி, அகலம் ஐந்தரை அடி. இடது பக்கம் எனக்கு ஆறடிப் படுக்கை. வலது பக்கத்தில் கதவுக்கு இரண்டு அடியும் அடுப்பு அலமாரிக்குக் கொஞ்சமும் போக, மிச்சம் இருந்ததுதான் பவானிக்கு. நான் கவலைப்படவில்லை. பவானி சுருண்டு படுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன். முட்டி நெஞ்சைத் தொட, கை இரண்டும் முட்டிக்கு நடுவில். சிலருக்கு அப்படிப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது சத்தம் போடாமல் டேப்பை எடுத்து உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தேன். மூன்றடி பத்து அங்குலம். தாராளமாக இருக்கட்டும் என்று இன்னொரு ஆறு அங்குலம் சேர்த்து நாலடி நாலங்குலத்தில் பலகை அடித்துவிட்டேன். இடத்தை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

திலீப்தான் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினான்.

"இன்னா மாமு, அண்ணி படுக்கற எடம் மீன் பொட்டி கணக்கா கீது?"

"அவ சுருண்டுதான்டா படுப்பா. முப்பத்தோரு வருசமா பாத்துகினு கீறேன்."

"எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கோ மாமு."

"அளந்துட்டேன்டா. போய் வேலயப் பாரு."

பலகை அடித்த மறுவாரம் மெத்தை வாங்க காலடிப்பேட்டைக்குப் போனோம். மெத்தையைத் தேர்ந்தெடுக்க அவளையே கூட்டிக்கொண்டு போனால் பயணத்தில் ஆசை வந்துவிடும் என்று ஒரு கணக்கு. கடைக்காரம்மா தங்கபுஷ்பம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தார். ஆறுக்கு இரண்டரை ஒன்று, நாலடி நாலங்குலத்துக்கு இரண்டு ஒன்று.

"கடக்கரையோரமா போறதுன்னா இலவம்பஞ்சு வேண்டாம் அண்ணாச்சி. உப்புக்காத்துல ஈரம் கோத்துக்கும். தேங்காநாரு மடங்காது. ஃபோம்தான் சரி. மூணா மடிச்சு வச்சா பகல்ல உக்காந்துக்கிடலாம். தலையணைகூட வேண்டாம், உறைக்குள்ள மாத்துத்துணியத் திணிச்சுக்கிட்டா எடம் மிச்சம்" என்றார். பிறகு சீட்டை மறுபடி பார்த்து, "சின்னதுல யாரு படுக்கப்போறா? பேரப்புள்ளையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இவதான்."

தங்கபுஷ்பம் பவானியை ஏற இறங்கப் பார்த்தார். என்னையும் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, அந்தக் கட்டில்ல ஒரு தடவ படுத்துப் பாருங்க."

"அதெல்லாம் வேணாம்மா, அளவு சரியாத்தான் கீது" என்றேன்.

"செருப்பு வாங்கினாக்கூட காலை விட்டுப் பாத்துத்தான வாங்குதோம் அண்ணாச்சி?"

கடையின் பின்பக்கம் மாதிரிக்குப் போட்டிருந்த பெரிய கட்டில் அது. பவானி கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வழக்கம்போல ஓரமாகச் சுருண்டு படுத்தாள். பார்த்தீர்களா என்கிற மாதிரி தங்கபுஷ்பத்தைப் பார்த்தேன்.

"காலை நீட்டுங்கக்கா. இங்க எதுவும் இடிக்காது" என்றார் அவர்.

"இடிக்காதா?" என்று கேட்டாள் பவானி.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தலையைத் தூக்கிக் கால்மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு காலை நீட்டினாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு காலை நீட்டினாள். அப்புறம் மல்லாந்து படுத்தாள். கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக விரித்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "மெத்தை எப்படிமே கீது?" என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பவானி ஐந்தடி ஐந்தங்குலம். என்னைவிட இரண்டு விரல்தான் குறைவு. பக்கத்தில் நடந்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், அவளோடு இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். அவள் காலை நீட்டித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில் அவள் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கும் இரண்டு கோடுகளைக் காணோம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் டேப்பைத் தொட்டது. உடனே எடுத்துவிட்டேன். அவ்வளவு அவமானமாக இருந்தது.

எங்கள் வீடு பத்துக்கு ஒன்பது ஒரே அறை, பக்கத்தில் சமையலறை. சுவரோரம் கட்டில். கட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். நடுவில் பாய் போட்டுப் பிள்ளைகள் மலரும் உதயாவும். பீரோவுக்கும் சமையலறை வாசலில் அடுக்கியிருக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் இடையில் இருந்த இடம்தான் பவானிக்கு. அந்த இடம் நாலடி இருக்குமா? அதை மட்டும் நான் அளந்ததில்லை.

வாசலில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. நான் பதறி எழுந்தேன். "எழுப்பாதீங்க அண்ணாச்சி" என்று தங்கபுஷ்பம் கையமர்த்தினார். வந்த வாடிக்கையாளர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கினாள் பவானி. விழித்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "ஏன்யா எழுப்பல? மானமே பூடுச்சு" என்று என்னைத்தான் திட்டினாள்.

சின்ன மெத்தை வேண்டாம் என்றேன். அவள் படுத்திருந்த ரகத்திலேயே ஆறுக்கு மூன்றில் ஒன்று கேட்டேன்.

"இது எங்கயா வண்டியில பூரும்?" என்றாள் பவானி.

"வூட்டுக்குமே."

சாயங்காலம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் இரண்டு மெத்தையும் வந்து இறங்கின. பெரியதைக் கட்டிலில் போட்டேன். வண்டியை வெட்டி அவளுக்கும் ஆறடி ஆக்கித் தரச்சொல்லி திலீப்புக்குப் போன் செய்துவிட்டதாகச் சொன்னேன். பவானி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசம் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"கட்டிலு ஷிஃப்ட்டுக்குப் போறவருக்குன்னு வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. அப்பறம் பசங்க வந்தாங்க."

"பசங்கதான் கல்யாணமாயி பூட்டாங்களே. ஆறு வருசமா எடம் காலியாத்தான கீது?"

பிள்ளைகள் படுத்த இடத்தைக் கையால் காட்டினாள். என் டூல்ஸ் பெட்டி, வெல்டிங் கண்ணாடி, வண்டிக்கு வாங்கி மிச்சமான அலுமினியப் பட்டைகள், பிளைவுட் துண்டுகள். மலர் பெரம்பூருக்கு வாழப்போன அதே வாரம் அந்தப் பெட்டியை அங்கே கொண்டுவந்து வைத்தவன் நான்தான். ரிட்டயர் ஆன பிறகும் கட்டிலில் படுப்பவனும் நான்தான். எந்த ஷிஃப்டுக்குப் போகிறேன் இப்போது?

"இன்னிலேர்ந்து நீ கட்டில்ல படு. நான் கீழ படுக்கறேன்" என்றேன்.

"நீ கீழ படுத்தா முதுகு புடிச்சுக்கும். நாலு தபா எழுந்து உக்காந்து இருமுவ. நான் மேல படுத்துகினு தூங்குவனா?" ஒரு சட்டையை உதறி மடித்தாள். "வண்டிய வெட்டாதயா. நீ மட்டும் போய்ட்டு வா."

"இன்னாமே, கோவமா?"

"கோவம்லாம் இல்ல. எனக்கு ஊரு பாக்க ஆசையில்ல. நீ இல்லாத வூட்ல கட்டில்ல பத்து நாளு படுத்துத் தூங்கணும். அது போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்து மாதம் வெயிலிலும் நெருப்பிலும் கிடந்திருக்கிறேன். "உனக்காகத்தானமே இம்மாம் கஷ்டப்பட்டுக் கட்டுனேன்!" என்று கத்தினேன்.

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருப்பியே" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள், மடித்த சட்டையைப் பீரோவில் வைத்தாள். அது என் சட்டை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். மறுநாள் காலையில் டூல்ஸ் பெட்டியையும் மற்ற சாமான்களையும் ஷெட்டுக்குத் தூக்கிப்போனேன். அறை இத்தனை பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. "அண்ணி வர்லியா?" என்று திலீப் கேட்டான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஜீப் சாவியைக் கொடுத்தான்.

புறப்பட்ட அன்று பவானி தெருமுனை வரைக்கும் வந்தாள். மாத்திரையை மறக்காதே, வண்டியை மெதுவாக ஓட்டு என்றெல்லாம் சொன்னாள். அக்கறையில் ஒரு குறையும் இல்லை. கை காட்டியபோது அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த மலர்ச்சி நான் போவதால் வந்தது என்று தெரிந்துகொண்டு வண்டி ஓட்டுவது லேசான காரியம் இல்லை.

ஐந்தாம் நாள் காலை வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தியிருந்தேன். நல்ல காற்று, நல்ல நிழல். பார்த்ததைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கடலை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பவானிக்குப் போன் செய்தேன்.

"எப்படிமே கீற?"

"நல்லா கீறேன்யா. இன்னிக்கு எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். தண்ணி லாரி வந்துட்டுப் போனதுகூடத் தெரியல. பக்கத்து வூட்டு பச்சையம்மாதான் பாவம்னு ரெண்டு குடம் குடுத்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். தண்ணி லாரிக்கு விடியற்காலை நாலு மணிக்கே காத்திருப்பவள் அவள். முப்பத்தோரு வருடத்தில் அந்த லாரியை அவள் தவறவிட்டதில்லை. இப்படிச் சிரித்தும் வெகு காலம் ஆயிற்று. எனக்கு உடனே அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"தனியா பேஜாரா கீதுமே. நாளைக்கே கெளம்பி வந்துடட்டா?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்து நாளுன்னு சொன்னியேயா" என்றாள்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. நகை நட்டுக்கோ புடவைக்கோ என்னிடம் ஒரு நாளும் கெஞ்சாதவள், நான் வீட்டுக்கு வராமல் இருக்கும் ஐந்து நாளுக்காகக் கெஞ்சினாள்.

"ஆமாமே, பத்து நாள்தான். நான்தான் மறந்துட்டேன்" என்றேன். "இன்னும் அஞ்சு நாளு கீது. நீ தூங்கு."