மஞ்சள் பிடிக் கத்தி

வெர்லன் அந்தப் பெட்டியை மேசை நடுவில் வைத்துவிட்டு, யாராவது எடுத்துப் பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மேல் பெரிய கழுகு, கழுகுக்குப் பின்னால் அமெரிக்கக் கொடி. என் கடைக்குக் காலைக் காபிக்கு வரும் மூன்று கிழவர்கள், ஹாய்ட், ஓடிஸ், வெர்லன், இவர்களில் வெர்லன்தான் வாய் திறக்காதவர். அன்று மட்டும் முகத்தில் பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

“டேரல் அனுப்பியிருக்கான்” என்றார்.

டேரல் அவருடைய ஒரே மகன், நாஷ்வில்லில் இருக்கிறான். முன்பொரு முறை புதிதாக ஒரு ஜப்பான் வண்டி வாங்கி அப்பாவிடம் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தான். இந்த நாட்டில் செய்யாத வண்டி தன் வாசலில் நிற்கக் கூடாது என்று வெர்லன் சொல்லிவிட்டார். மகன் வண்டியை ரோட்டோரம் நிறுத்தினான், சாப்பிட்டான், போனான். அப்புறம் அம்மாவின் சாவுக்கு வந்தபோதுகூட சர்ச்சிலிருந்தே திரும்பிவிட்டான். அந்த ஜப்பான் வண்டியைச் செய்ததே பக்கத்து மாநிலத் தொழிற்சாலையில்தான் என்று ஓடிஸ் விசாரித்து வந்து சொன்னபோது, வெர்லன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வண்டிக்காக இவ்வளவா என்று கேட்பவர் யாரும் எங்கள் ஊர்க்காரராக இருக்க முடியாது.

“போன்ல பேசினான். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றானாம். அசல் அமெரிக்கக் கத்தியாத்தான் வேணும்னு தேடித் தேடி வாங்கினானாம்.”

ஹாய்ட் கத்தியை எடுத்தார். மடக்குக் கத்தி, மஞ்சள் பிடிக்குள் மடங்கும் மூன்று அலகு. மாட்டுச் சந்தையில் காலம் தள்ளிய ஹாய்ட்டுக்கு, மாடு என்றால் பல்லைப் பார்க்க வேண்டும், கத்தி என்றால் அலகின் அடியை. பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அலகின் அடியில்தான் செய்த ஊர்ப்பேர் வெட்டியிருக்கும் என்பார். சனிக்கிழமைகளில் மூவரும் மூடிய கைக்குள் வைத்து, என்ன கத்தி என்று பார்க்காமலே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். எவன் கையிலிருந்தாவது வெளிநாட்டுக் கத்தி வந்துவிட்டால், ஹாய்ட் அதை எடுத்துக்கொண்டு நேரே பாலத்துக்குப் போய் கேனி ஓடையில் வீசிவிடுவார். ஓடிஸ் இப்படி நாலைந்து இழந்திருக்கிறார், எல்லாம் வேண்டுமென்றே கொண்டுவந்தவை.

ஹாய்ட் பெரிய அலகை விரித்து அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தார். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்ததால் எனக்கும் தெரிந்தது. முன்பக்கம் கம்பெனிப் பெயர். பின்பக்கம், பொடிப்பொடியாக ஐந்து ஆங்கில எழுத்தில், சீனா.

வயசானதில் வெர்லனுக்குக் கண்ணின் நடுவில் பார்வை போய்விட்டிருந்தது. ஓரத்தில் தெரிவதை வைத்துத்தான் நடமாட்டம். அவர் ஹாய்ட்டின் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பிக் காத்திருந்தார்.

“நல்ல கத்திய்யா” என்றார் ஹாய்ட். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வெர்லன் டேரலுக்கு அனுப்ப ஓர் உறையோடு வந்தார். கத்தியைச் சும்மா வாங்கிக்கொண்டால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, பதிலுக்கு ஒரு பென்னிக் காசாவது கொடுத்தாக வேண்டும். “வனெட்டா, இந்தப் பென்னிய ஒரு அட்டையில ஒட்டிக் குடு தாயி. எனக்கு டேப் எங்க இருக்குன்னே தெரியல” என்றார். ஒட்டிக் கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹாய்ட், வெர்லன் போனதும் மேசையில் ஓங்கி அடித்தார்.

“என்னைக்காவது ஒருத்தன் அந்தாளுகிட்ட அது சீனாக் கத்தின்னு உளறிருவான். நீயே உளறுவ, ஓடிஸ்.”

“நான் ஏன்யா உளறப்போறேன்?”

“உன் வாய் எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்தப் பையன் மறுபடியும் ரோட்லதான் நிப்பான்.”

அன்றிலிருந்து ஹாய்ட் அதே போல மஞ்சள் பிடி, மூன்று அலகுக் கத்தி ஒன்றைத் தேடி அலைந்தார். ஹார்டுவேர் கடையில் கண்ணாடிப் பெட்டி முழுக்கக் கொடிகள், அலகெல்லாம் கடல் தாண்டி வந்தவை. அடகுக் கடைக்காரன் காட்டியதில் அலகு இங்கே செய்தது, மற்றதெல்லாம் எங்கேயோ. சந்தையில் ஒருவன் இங்கே செய்ததுதான் என்று சத்தியம் செய்து விற்கப் பார்த்தான். அவன் ஊர்ப்பேரை அழித்துத் தேய்த்த இடத்தை ஹாய்ட் வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓடிஸ் கேலி செய்தார், “பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு அலையலியே நீ.” கடைசியில் செத்துப்போன ஒரு விவசாயியின் சாமான் ஏலத்தில், ஆணிகள் கிடந்த டப்பாவுக்குள் ஒன்று கிடைத்தது. அதே அளவு. அலகின் அடியில் யு.எஸ்.ஏ. என்று வெட்டியிருந்தது. அதை எடுத்து வந்து எண்ணெய் போட்டு, புதிதுபோல் பளபளக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை வெர்லன் ஆப்பிள் நறுக்கிவிட்டுக் கத்தியை மேசையில் வைத்துக் கழிப்பறைக்குப் போனார். ஹாய்ட் அதை எடுத்துக்கொண்டு தன்னுடையதை மாற்றி வைத்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரி, நல்லதுக்குத்தானே என்றுதான் எனக்கும் பட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஹாய்ட் பாலத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். பழக்கதோஷம்.

சனிக்கிழமை காலை வெர்லன் கத்தியை மேசையில் வைத்தார்.

“இது யாருது?”

“உன்னோடதுதான்” என்றார் ஹாய்ட்.

“இது என் பையன் குடுத்தது இல்ல.”

ஓடிஸ் எழுந்து போகப் பார்த்தார். ஹாய்ட் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “அதவிட ஒசத்திய்யா இது. இங்க செஞ்சது. அது சீனாச் சாமான். உனக்குக் கண்ணு தெரியலன்னுதான்...”

“தெரியும்.”

ஓடிஸின் சட்டையைப் பிடித்திருந்த கையை ஹாய்ட் எடுத்தார்.

“பார்சல் பிரிச்ச அன்னைக்கே எழுத்து மேல நகத்த வச்சுப் பாத்தேன். யு.எஸ்.ஏ.ன்னா மூணே எழுத்து, அவ்வளவு நீளம் ஓடாது.” வெர்லனின் குரல் உயரவில்லை. “அவன் கடை கடையா கேட்டிருக்கான்யா. எவனோ கொடியக் காட்டி ஏமாத்தியிருக்கான். எனக்காகப் போயி ஏமாந்திருக்கான். அந்தக் கத்திய நான் குறை சொல்லுவேனா?”

அந்தப் பென்னியை ஒட்டியது நான்.

“நாளைக்கு வர்றான். வந்ததும் கத்தி எங்க, அப்பான்னுதான் கேப்பான். எங்க வச்சிருக்க, குடு.”

ஹாய்ட் பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம் அது, வெர்லனுக்கும் தெரியும்.

“ஓடையிலயா?” என்றார் வெர்லன். மேசையிலிருந்த கத்தியை ஹாய்ட் பக்கம் தள்ளிவிட்டு, “அடப்பாவி” என்றார்.

மத்தியானம் கடையை ஓடிஸிடம் விட்டுவிட்டு, பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். ஹாய்ட் டிராக்டர் கொட்டகையிலிருந்து பெரிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டி ஓடைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையை வெர்லன் இடுப்பில் சுற்றிப் பிடித்திருந்தார். பக்கத்து வாளியில் துருப்பிடித்த கத்திகள் கிடந்தன, இத்தனை வருஷமாக வீசியவை. ஒவ்வொன்றாக மேலே வந்தது. ஒவ்வொன்றையும் வெர்லன் வாங்கி, தடவிப் பார்த்து, இல்ல என்று வாளியில் போட்டார்.

இரண்டு பேரும் காபி வேண்டாம் என்றார்கள். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்திருந்தது. காந்தம் மறுபடி மேலே வந்தபோது சேற்று உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. ஹாய்ட் அதைப் பிய்த்துக் கால்சட்டையின் முழங்காலில் துடைத்தார். சேற்றுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. அலகை விரித்தார். அடியைத் திருப்பிப் பார்க்காமல், அப்படியே வெர்லனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெர்லன் கட்டைவிரல் நகத்தைத் துணியில் துடைத்துக்கொண்டு, அலகின் அடியில் வெட்டிய எழுத்துகளின் மேல் வைத்து, மெதுவாக நகர்த்த ஆரம்பித்தார்.