விளையாட்டு முடியட்டும்

தாடையைக் கட்ட வெள்ளைத் துணி தேடி அலுமாரியைக் கிளறிய மாக்கிறேற்றின் கையில், அணிப் பிள்ளைகளின் சுளுக்குக்குச் சுற்றும் பண்டேஜ்தான் அகப்பட்டது. அதையே எடுத்துக்கொண்டு கட்டிலடிக்கு வந்தாள். கணவர் சில்வெஸ்ரரின் தலையை மெல்லத் தூக்கி, நாடிக்குக் கீழே கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கண்களை மூடிவிட்டு நெற்றியில் சிலுவை வரைந்தாள். முதல்நாள் பின்னேரமே கோயிலிலிருந்து சுவாமி வந்து கடைசி எண்ணெயான அவஸ்தை பூசிவிட்டுப் போயிருந்தார். ஆத்துமத்துக்குச் செய்யவேண்டியதில் ஒரு குறையும் இல்லை.

இனிக் கோயிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். துக்க மணி அடிப்பார்கள். ஊர்காவற்றுறை முழுக்கக் கேட்கும்.

வாசல்வரை போனவள் அங்கேயே நின்றாள். மைதானத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கியைச் சோதிக்கும் சத்தம் காற்றில் வந்தது. மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணிகளின் இறுதியாட்டம் இன்னும் சற்று நேரத்தில் தொடங்கப்போகிறது. ஒரு பக்கம் நகரத்து அணி. மறுபக்கம் சில்வெஸ்ரரின் பிள்ளைகள்.

அவள் திரும்பி வந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

மீசை அரும்பும் வயதில் வள்ளமேறிப் போய், எங்கெங்கோ அலைந்து, டென்மார்க்கில் கரைசேர்ந்தவர் சில்வெஸ்ரர். பகலில் மீன் தொழிற்சாலையில் செதில் சுரண்டுவார். பின்னேரத்தில் இடதுகையால் பந்து வீசுவார். அந்த வேகத்தைப் பார்த்து அவர்கள் தங்கள் நாட்டு அணிக்கே எடுத்தார்கள். சிவப்புச் சட்டையோடு பல கோடைகாலம் ஆடினார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிக் கிரிக்கெட் சங்கத்திடம் பயிற்சி கொடுக்க இடம் கேட்டபோது, "டென்மார்க்கிலை கிரிக்கெட்டோ? ஐஸ்கட்டிக்கு மேலையோ விளையாடினவர்?" என்று சிரித்தார்கள். பிறகு மனமில்லாமல் மாவட்டப் பொடியன்களின் அணியைக் கொடுத்தார்கள். பெரிய இடத்துப் பொடியன் ஒருவனை, பயிற்சிக்கு வராத காரணத்தால் வெளியில் இருத்தினார். அதோடு வேலை போயிற்று.

அதற்குப் பிறகுதான் மீனவர்களின் மகள்மாரைக் கூட்டினார். பழைய மீன்வலைகளைப் பனைமரங்களுக்கிடையில் கட்டிப் பந்து போடப் பழக்கினார். அப்போதும் சிரித்தார்கள்.

போன வருடம் கிரிக்கெட் சங்கத்தின் பழைய தலைவர் இறந்தபோது, மரியாதைக்கென்று பெண்களின் அரையிறுதியை நிறுத்தினார்கள். அது பிறகு நடக்கவேயில்லை. அதே நாளில் ஆண்களின் ஆட்டம் கையில் கறுப்புப் பட்டியோடு நடந்தது. "பொடியளுக்குக் கறுத்தப் பட்டி, பெட்டையளுக்கு வீட்டை போ எண்டோ?" என்று சில்வெஸ்ரர் அன்றிரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். இந்த வருடம் புள்ளியில் முதலிடம் வந்த அணியின் மைதானத்தில்தான் இறுதியாட்டம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, நோயில் மூச்சு வாங்கியபடி, தொலைபேசியில் சண்டை பிடித்தார். "எங்கடை பிள்ளையள் விடியப்புறம் பஸ் ஏறி அங்கை வரலாமெண்டா, அவையும் இஞ்சை வரலாம். வரச்சொல்லுங்கோ."

வந்திருக்கிறார்கள்.

படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சங்கத்திலிருந்து ஆட்டத்தை நடத்த வந்த அன்ரனிதாஸ். மாக்கிறேற் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே வந்து கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்து மூடினாள்.

"அக்கா, அண்ணைக்கு எப்பிடி இருக்கு?"

"நித்திரை."

"ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போகலாமெண்டு..."

"இப்பதான் கண்ணை மூடினவர். எழுப்ப ஏலாது."

அன்ரனிதாஸ் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தான். "ஏதும் ஒண்டெண்டா மறைக்காமல் சொல்லுங்கோ. மரியாதையா மட்சை நிப்பாட்டிப்போட்டுப் பிறகொரு நாள் யாழ்ப்பாணத்திலை வைக்கலாம். அங்கை எல்லா வசதியும் இருக்கு."

"ஒண்டுமில்லை, தம்பி. வெயில் ஏறமுதல் தொடங்குங்கோ."

அவன் போகும்வரை அவள் படியைவிட்டு அசையவில்லை.

சற்று நேரத்தில் பின்வளவால் மேரிசுகந்தி வந்தாள். சில்வெஸ்ரரின் தங்கை. அவளுடைய மகள் தாரிகாதான் அணித் தலைவி. ஆட்டம் பார்க்கப் போகிற வழியில் தமையனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். குசினியைக் கடந்து அறைக்குள் கால் வைத்தவள் பண்டேஜைக் கண்டாள். கஞ்சிப் பாத்திரம் கையிலிருந்து விழுந்தது. "ஐயோ அண்..."

மாக்கிறேற் அவளுடைய வாயைப் பொத்தினாள். இருவரும் சுவரோடு சாய்ந்தபடி நின்றார்கள். உள்ளங்கைக்குள் அழுகை சூடாக இடித்தது.

"சத்தம் போடாதையும், சுகந்தி. அங்கை கேக்கும்."

கையை எடுத்ததும் சுகந்தி கிசுகிசுத்தாள். "உங்களுக்கு விசரோ, மச்சாள்? என்ரை அண்ணையை இப்பிடி ஒருத்தருக்கும் சொல்லாமல், செத்த நாய் மாதிரி..."

"மணி அடிச்சா நிப்பாட்டிப்போடுவாங்கள். உமக்குத் தெரியும்."

"நிப்பாட்டட்டும்! ஒரு விளையாட்டுத்தானே!"

"அவருக்கு முன்னாலை நிண்டு அதை இன்னொருக்காச் சொல்லும்."

சுகந்தி கட்டிலைப் பார்த்தாள். நெடுநேரம் தமையனின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். ஒலிபெருக்கியில் நாணயச் சுழற்சியின் முடிவு சொன்னார்கள். நகரத்து அணி முதலில் துடுப்பெடுத்தாடுகிறது.

"முகத்தைக் கழுவிப்போட்டுப் போய்ப் பாரும்" என்றாள் மாக்கிறேற்.

"நானோ? அங்கை போய் எப்பிடி மச்சாள் இருப்பன்?"

"இரும். உம்மைக் காணாட்டித் தாரிகா தேடுவாள். மாமாவுக்கு என்னவோ எண்டு யோசிப்பாள்."

சுகந்தி கிணற்றடிக்குப் போனாள். வாளி இறங்கி ஏறும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு படலை சாத்தப்படும் சத்தம்.

மாக்கிறேற் கொட்டிய கஞ்சியைத் துடைத்தாள். சுடுதண்ணி வைத்து அவருடைய உடம்பைத் துடைத்தாள். அலுமாரியின் அடியில் கிடந்த டென்மார்க் சட்டையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் விரித்துப் பார்த்தாள். நோய் தின்று மிச்சம்விட்ட உடம்புக்கு அது மிகப் பெரிதாக இருந்தது. மடித்து வைத்துவிட்டு, வெயிலில் வெளிறிய பயிற்சிச் சட்டையைப் போட்டுவிட்டாள். அது அளவாக இருந்தது.

மின்விசிறியை முழுவேகத்தில் விட்டுவிட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். மைதானத்திலிருந்து கைதட்டல் வந்தபோதெல்லாம் அவளுடைய விரல்கள் கட்டில் சட்டத்தை இறுக்கின. எந்த அணிக்கான கைதட்டல் என்று தெரியவில்லை. செபமாலை மடியிலேயே கிடந்தது. ஒருமுறை, "தாரிகா, நான்கு ஓட்டங்கள்" என்று தெளிவாகக் கேட்டது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பண்டேஜின் முடிச்சைச் சரிசெய்தாள்.

மத்தியான வெயிலில் பெரிய இரைச்சல் ஒன்று எழுந்து, சட்டென்று அடங்கியது. ஊரவர்கள் வென்றிருந்தால் அது அடங்கியிருக்காது. மாக்கிறேற் எழும்பி ஜன்னலைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக் குருசுமுத்துவைக் கூப்பிட்டாள்.

"கோயிலிலை சொல்லிவிடுங்கோ. இனி அடிக்கலாம்."

மணி அடித்ததும் சனம் வரத் தொடங்கியது. முற்றத்தில் கதிரைகள் இறங்கின. அன்ரனிதாஸ் மோட்டார் சைக்கிளைத் தெருவிலேயே விட்டுவிட்டு வேகமாக வந்தான். மாக்கிறேற் வாசலிலேயே நின்றாள்.

"காலமை எனக்குப் பொய் சொல்லிப்போட்டியள், அக்கா."

"ஓம். சொன்னனான்."

"தெரிஞ்சிருந்தா நாங்கள் அண்ணையின்ரை மரியாதைக்கு நிப்பாட்டியிருப்பம்."

"அதாலைதான் பொய் சொன்னனான்."

தெருவில் ஓட்டச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கால்காப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்கள். முன்னால் தாரிகா, பின்னால் மூச்சிரைக்கச் சுகந்தி. சனம் விலகி வழிவிட்டது. தாரிகா படியில் சப்பாத்தை உதறினாள். மற்றவர்களும் உதறினார்கள்.

"மாமி, எப்ப?"

"காலமை."

தாரிகா தாயைத் திரும்பிப் பார்த்தாள். சுகந்தி தலையைக் குனிந்தாள். பிள்ளை அழவில்லை. கோபமா, வேறெதுவா என்று மாக்கிறேற்றுக்குப் புரியவில்லை.

"உள்ளுக்குப் போய்ச் சொல்லு" என்றாள்.

தாரிகா கட்டிலடியில் போய், பயிற்சியின்போது நிற்பதுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "கடைசிப் பந்துக்கு மூண்டு வேணும், மாமா. ரெண்டாவதுக்கு ஓடேக்கை என்னை அவுட்டாக்கிப்போட்டினம். ஒரு ஓட்டத்தாலை தோத்திட்டம்." பிறகு, வாசலில் நின்ற அன்ரனிதாஸுக்கும் கேட்கும்படி சொன்னாள். "வாற வருசமும் இஞ்சைதான் விளையாடுவம்."

மாக்கிறேற் வாசலைவிட்டு விலகி நின்றாள்.

படி முழுக்க மண்ணும் புல்லும் ஒட்டிய சப்பாத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் அவற்றை மிதிக்காமல் காலை எட்டி வைத்து உள்ளே போனார்கள். அன்ரனிதாஸ் தன்னுடையதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வைக்க இடம் தேடிக்கொண்டு நின்றான்.