இரவல் போன்

கெலெராவுக்கு "இல்லை" என்று சொல்லத் தெரியாது. அது அவள் ஒருத்தியின் குறை இல்லை; அவள் சனம் முழுக்க அப்படித்தான். சொந்தக்காரர் ஒருவர் "கெரெகெரே" என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் கொடுத்தே தீர வேண்டும். சட்டையைக் கேட்டால் சட்டை, சட்டியைக் கேட்டால் சட்டி. இந்த நல்ல குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மாமன் மகள் சலனியேட்டா அவள் கழுத்தை அறுத்தாள்.

இருவரும் தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வகுப்பு, கடைசி வருஷம். கப்பல் சரக்குப் போக்குவரத்துப் படிப்பு. கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டம். கெலெராவின் அம்மா தையல் ஆலையில் வேலை, அப்பா வங்கி வாசலில் காவல். அவள் படிப்புதவியோ அந்த வருஷத்தோடு நிற்கிறது. இந்தக் கோடையை விட்டால் அவளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலரும் கையும் தைக்க வேண்டியதுதான். வாலு பே துறைமுகத்தில் தீவுகளுக்குக் கப்பல் விடும் ஒரு நிறுவனம் ஒரே ஓர் ஆளைக் கேட்டிருந்தது. வகுப்பே அதன் மேல் கண் வைத்திருந்தது.

பல்கலைக்கழகத்தின் வேலை வழிகாட்டி அலுவலகத்தில் இருந்தவர் பிரணீதா மேடம். குள்ளமான மனுஷி, குரல் மட்டும் படகு இன்ஜின். ஒத்திகை நேர்காணலில் கெலெராவை உட்கார வைத்து உரித்து எடுத்துவிட்டார்.

"ஏம்மா, எதைக் கேட்டாலும் 'நாங்க செஞ்சோம், நாங்க செஞ்சோம்'ங்கற. கம்பெனி உங்க ஊரையா வேலைக்கு எடுக்கப்போவுது? நீ என்ன செஞ்ச?"

"சொல்லக் கூச்சமா இருக்கு மேடம். பெருமையடிக்கிற மாதிரி..."

"அடி. நல்லா அடி. அதுக்குத்தான் கூப்பிடறாங்க. அப்புறம், தரையைப் பாக்காத. தரையில என்ன மீனா ஓடுது? என் கண்ணைப் பாரு."

பெரியவர்களைக் கண்ணுக்குக் கண் பார்ப்பது கெலெரா வளர்ந்த வீட்டில் மரியாதைக் கேடு. இருந்தாலும் கண்ணாடி முன் நின்று பழகினாள். 'நான்' என்று சொல்லச் சொல்ல நாக்கு பழகியது. நிறுவனத்தார் வந்து எல்லோரிடமும் பேசிப் போனார்கள். அன்று சாயங்காலமே மேடம் அவளையும் சலனியேட்டாவையும் கூப்பிட்டார். "முதல் பேரு கெலெரா. அவ வேண்டாம்னா சலா. கம்பெனி கடுதாசி வந்ததும் வெள்ளிக்கிழமை போன் பண்ணுவேன். அப்பவே ஆமா, இல்லைன்னு சொல்லிடணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், கேன்டீனில் சலா வந்து தோளில் சாய்ந்தாள்.

"மதினி, என் போன் செத்துப்போச்சு. கெரெகெரே, உன்னோடதக் குடு. அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"மேடம் கூப்பிடுவாங்கடி."

"கூப்பிட்டா ஓடியாந்து குடுக்கறேன். உன் போனைத் தின்னுடவா போறேன்?"

கெலெரா கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சர்ச்சில் பாட்டுப் பயிற்சி இருந்ததால் அங்கே ஓடினாள். திரும்பி வந்தபோது சலா சிரித்த முகமாகப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "யாரும் கூப்பிடல, மதினி" என்றாள்.

திங்கட்கிழமை வரை காத்திருந்து பார்த்துவிட்டு, கெலெரா அலுவலகத்துக்கே போனாள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீதானேம்மா போன்ல சொன்ன? 'வேற இடம் கெடச்சிருச்சு, மன்னிச்சிருங்க மேடம்'னு. எனக்கே கஷ்டமாப் போச்சு. உடனே சலாவுக்குக் குடுத்துட்டேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. யார் உடைத்தது என்று கெலெராவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் சலாவைப் பல்கலைக்கழகமே வெளியே தள்ளும். விஷயம் வெளியே வந்தால் சலாவின் அப்பா அபெனிசா மாமா வலேலெவு பாதையில் தலை நிமிர்ந்து பஸ் ஓட்ட முடியாது. திறந்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா கேட்டுவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, "வெளிய சொல்லிடாதடி. நான் பொறந்த வீடு" என்றாள்.

"சரிம்மா. வெளிய சொல்லல. உள்ளயே வச்சு வாங்கறேன்."

வாசு என்றால் நமக்கு ஆள் பெயர். அங்கே அது உரிமை. தங்கை பிள்ளை தாய்மாமன் வீட்டுக்குள் நுழைந்து எதையும் எடுக்கலாம். மாமன் தடுக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைச் சொல்லி மாமனிடம் ஒரு வாழைப்பழமோ ஒரு தொப்பியோ பிடுங்கிச் சிரிப்பதோடு சரி. கெலெரா அதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

சலா வேலைக்குச் சேரும் காலையில் கெலெரா தன் வீடிருந்த நபுவாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் புதுக் கறுப்பு ஷூ பளபளவென்று இருந்தது.

"மாமா, இந்த ஷூ நல்லாருக்கே."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "வாசு வந்துட்டா! எடுத்துக்கம்மா, எடுத்துக்க. உனக்கில்லாததா?"

"அப்பா! இன்னிக்கு எனக்கு மொத நாளு!" என்று சலா கத்தினாள்.

"ரப்பர் செருப்புப் போட்டுக்க" என்றார் மாமா. முறை என்று வந்துவிட்டால் மகளாவது, முதல் நாளாவது.

ரப்பர் செருப்போடு போனவளை மேலாளர் எல்லார் முன்னாலும் நிறுத்தி, இது அலுவலகமா கடற்கரையா என்று கேட்டாராம். மறுநாள் மழை கொட்டியது. சுவாவில் எந்த நாள்தான் கொட்டவில்லை. கெலெரா குடையை எடுத்துப் போனாள். அதற்கடுத்து இஸ்திரிப் பெட்டி. அப்புறம் சாப்பாட்டு டப்பா. உள்ளே மரவள்ளிக்கிழங்கும் டின் மீன் குழம்பும். பஸ் நிறுத்தத்தில் சலாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். பிறகு மின்விசிறி, வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கும் கண்ணாடி. கடைசியாக மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"நீ என்ன பேயா?" என்று சலா வாசலில் நின்று அழுதாள்.

"பேயில்ல மதினி. வாசு."

பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று பாஸ்டர் ஞாயிறுதோறும் சொல்வார். அவர் யாரையும் பழி வாங்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கெலெராவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, அதுவும் சலாவின் மெத்தையில்.

மாமாவின் சிரிப்பு மட்டும் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒரு சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "என் தங்கச்சி மக வாழைப்பழத்துக்கு மேல ஒண்ணும் எடுத்ததில்ல. நீ அவளுக்கு என்ன செஞ்ச?" சலா கழுவுற மீனில் நழுவுற மீன்தான், ஆனால் வெறும் தரையில் படுத்துப் படுத்து முதுகு விட்டுப்போயிருந்தது. போன் கதையைச் சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா திமிங்கலப் பல்லோடு கெலெரா வீட்டுக்கு வந்தார். பெரிய தப்புக்குத்தான் அந்தப் பல் வரும். பின்னல் கயிறு கட்டிய பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, தலை குனிந்து, மன்னிப்புக் கேட்டார். பின்னால் சலாவும் நாலைந்து உறவுக்காரர்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பல்லை வாங்கிக்கொண்டால் கோபம் அங்கேயே செத்தது. அப்புறம் நடந்த தப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாங்காமல் விடுவதோ யாரும் செய்யாத காரியம். கெலெராவின் அப்பா மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் பல்லை வாங்கி முறைப்படி முகர்ந்தார். எல்லோரும் கைகொட்டினார்கள். பெரிய கிண்ணத்தில் கரைத்த கவா வேர்ச்சாறு சிரட்டையில் சுற்றி வந்தது. சலாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

கெலெரா கவாவைக் குடித்துவிட்டு, சிரட்டையைக் கீழே வைத்தாள்.

"மாமா, சலாவோட போன் அழகா இருக்கு."

வீடே சிரித்தது. பகை தீர்ந்து பழைய கேலி வந்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எடுத்துக்கம்மா. குடு சலா. அந்தப் பூட்டையும் தொறந்து குடு."

சலா கொடுத்தாள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கெலெரா போனில் மேடத்தின் பெயரைத் தேடி எடுத்து, எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு சலா" என்றார் மேடம்.

"மேடம், நான் சலனியேட்டா. எனக்கு அந்தக் கம்பெனி வேண்டாம். வேற இடம் கெடச்சிருச்சு, மன்னிச்சிருங்க மேடம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கிண்ணத்தில் கை வைத்திருந்தவர் கையை எடுக்கவில்லை. நடந்த தப்பைப் பற்றி கெலெரா ஒரு வார்த்தை பேசவில்லை. மாமன் வீட்டுப் பொருளை எடுத்தாள், அவ்வளவுதான். மாமா எந்த முறையைச் சொல்லித் தடுப்பார்?

பேசுவது யார் என்று மேடம் இந்தத் தடவை கண்டுகொண்டார். எத்தனை நாள் எதிரில் உட்கார வைத்து அந்தக் குரலை உரித்தவர் அவர்.

"இதே வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு வெள்ளிக்கிழமை கேட்டிருக்கேன்" என்றார். "அன்னிக்குக் காதை அடகு வச்சிட்டேன். சலா பக்கத்துல இருக்காளா? அவளே சொல்லட்டும்."

கெலெரா போனை நீட்டினாள். சலா தரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் கெலெரா அப்பாவின் மடியில் இருந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மேடம்" என்றாள் சலா. "அன்னிக்குப் பேசினதும் நான்தான். எனக்கு வேண்டாம்."

"சரி. கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். கெலெரா திங்கக்கிழமை அங்க போவட்டும். நீ என் ஆபீசுக்கு வா. உன்னைத் தள்ளறதா வச்சுக்கறதான்னு பாக்கணும். வச்சுக்கிட்டா, மொத நாள் வந்தவ மாதிரி ஒத்திகையிலேர்ந்து ஆரம்பிப்ப. ஒழுங்கா உடுத்திட்டு வா." போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "கெலெரா, இனிமே போனை யாருக்கும் குடுக்காத."

திங்கட்கிழமை காலை சுவா பஸ் நிலையத்தில் கூட்டம். கெலெரா சலாவின் வெள்ளைச் சட்டை, சலாவின் குடை, சலாவின் கறுப்பு ஷூவோடு வாலு பே பஸ்ஸுக்கு நின்றாள். அவளுக்கென்று ஒரு ஜோடி ஷூ இல்லாமல் இல்லை. இது ஒரு அளவு சின்னது, குதிகால் தோல் உரிந்துகொண்டிருந்தது. இருக்கட்டும் என்று போட்டு வந்திருந்தாள்.

எதிர்ப் பக்கத்திலிருந்து சலா வந்தாள். காலில் ரப்பர் செருப்பு, முழங்கால் வரை சேறு.

"மதினி, மேடத்தைப் பாக்கப் போறேன். இப்படியே போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கெரெகெரே. அந்த ஷூவைக் குடு. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

ரொட்டி விற்கும் பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், அவள் குனிந்து கழற்றுவாள் என்று இடம் விட்டு ஒதுங்கிக்கூட நின்றார். கேட்டாகிவிட்டது, இனிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

கெலெரா தரையைப் பார்க்கவில்லை. சலாவின் கண்ணைப் பார்த்தாள்.

"நான் தரமாட்டேன்" என்றாள்.

பெரியவர் 'த்சு' கொட்டினார். பஸ் வந்தது. குதிகால் எரிய எரிய அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.