மெத்தென்ற வாய்

ராஸ் சுட்ட இரண்டு வெடியும் குறி தவறின. காடை கோதுமைத் தாளுக்கு மேலே நேராகப் பறந்து, வேலியைத் தாண்டி அடுத்த வயலில் இறங்கிவிட்டது. வேட்டைநாய்ப் போட்டியின் பார்வையாளர்களோடு நின்றிருந்த கிளெனிஸ் குளிருக்குக் கோட்டின் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி கணவன் ராஸின் முதுகையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சுடுவதைப் பார்த்து வருகிறவள் அவள். குறுக்கே பாய்கிற காடையை, காற்றில் புரள்கிற காடையை அவன் தவறவிட்டிருக்கிறான். இப்படிக் கண்ணெதிரே நிதானமாகப் போகிற பறவையைத் தவறவிட்டு அவள் பார்த்ததில்லை.

நாயிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பிக்கொட்டை நிறத் தலையும் புள்ளி விழுந்த உடம்புமாக, டான்சி காற்றை எதிர்த்து வலமும் இடமும் ஓடித் தேடினாள். மணம் பிடித்த இடத்தில் ஒரு முன்காலை மடக்கிக் கல்லாய் நின்றாள். ராஸ் சொன்ன பிறகுதான் பறவையைக் கிளப்பினாள், வெடிச்சத்தத்துக்கும் அசையவில்லை. சுட்டு விழுந்த பறவையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. விழாத பறவையை எந்த நாய் கொண்டுவரும்? நடுவர் மெர்வின் குறிப்பெழுதிக்கொண்டு, மதியம் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். ராஸ் தலையாட்டினான். அவன் முகத்தில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. அதுவே அவளை உறுத்தியது.

சென்ற இரண்டு போட்டிகளிலும் டான்சி கடைசிக் கட்டத்தில்தான் தோற்றாள். நாய் கொண்டுவந்த காடையை ராஸிடமிருந்து வாங்கி, அப்போதைய நடுவர் கட்டைவிரலால் விலாவைத் தடவிப் பார்த்தார். விலா நொறுங்கியிருந்தது. பறவையைக் கடித்து நொறுக்குகிற, வாய் முரடான நாய்க்கு இந்தப் போட்டியில் இடமில்லை, அத்தோடு வெளியேற்றிவிட்டார்கள். கிளெனிஸால் நம்ப முடியவில்லை. கோழிக்கொட்டகையிலிருந்து முட்டையைக் கவ்விக்கொண்டு வந்து, ஒரு கீறல் இல்லாமல் சமையலறைத் தரையில் வைக்கிற நாய் அது. முதல்முறை நடுவரைச் சந்தேகப்பட்டாள். இரண்டாம்முறை டூகலை. டான்சி வெளியேறினால் முதலிடம் டூகலின் நாய்க்குத்தான் போகும். இன்று காலையிலிருந்து அவன் எங்கே நிற்கிறான், யாரோடு பேசுகிறான் என்று கண்ணாலேயே துரத்திக்கொண்டிருந்தாள்.

தேநீர் நேரத்தில் டூகல் தானாகவே பக்கத்தில் வந்து நின்றான். கையில் கறி அடைத்துச் சுட்ட பலகாரம், மீசையில் தக்காளிச் சாறு.

"காலையிலேர்ந்து என்னைத் திருடனைப் பாக்கிற மாதிரி பாக்கிறே, கிளெனிஸ்."

அவள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"உன் நாய் வாய் மெத்துன்னு இருக்கும்னு எனக்கே தெரியும். போன தடவை ராஸ் காடையை வாங்கின கையோட நடுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். சரி, கண்ணுல வெயில் அடிக்குதுன்னு நெனச்சேன்." மென்றதை விழுங்கிவிட்டு, "அன்னிக்கு வெயிலே இல்ல," என்றான்.

வீட்டுக்குள் கலகம் மூட்டப் பார்க்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. போட்டி நாளில் இந்த மாதிரி விஷமம் புதிதல்ல. ஆனால் டூகல் சிரிக்கவில்லை. பலகாரத்தைத் தின்று முடித்துக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது அவள் மனதை விட்டுப் போகவில்லை. தூரத்தில், வார்னம்பூல் என்ற ஊரில் மகள் ஷோனா இருக்கிறாள். அவள் தெருவிலேயே கடலுக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்று இவர்களுக்காகக் காத்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் வளர்வதைத் தொலைபேசியில் கேட்டே காலம் போய்விடுமோ என்று கிளெனிஸ் அழுத ஒருநாள், ராஸ்தான் சொன்னான்: டான்சி சாம்பியன் பட்டம் வாங்கட்டும், பண்ணையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று. பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் வேண்டியிருந்தது. இரண்டு போட்டிகளாக அந்த ஒன்றுதான் கைக்கு வராமல் நழுவியது.

அவள் நேரே மெர்வினிடம் போய், நாய் தன் பெயரிலும் இருப்பதால் மதியம் அதைத் தானே களத்தில் இறக்கலாமா என்று கேட்டாள். துப்பாக்கி உரிமம் இருந்தால் தாராளமாக என்றார் அவர். ராஸ் டிரக்கின் பின்தட்டில் உட்கார்ந்து டான்சியின் பாதத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"உனக்குத் தோள் வலி. துப்பாக்கி உதைக்கும்."

"உதைக்கட்டும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, ஒன்றும் கேட்காமல் நாயை ஏவுகிற ஊதலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். ஏன் என்று அவன் கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியம் காற்று கொஞ்சம் வலுத்தது. வயலின் பாதியில் டான்சி நின்றாள். கிளெனிஸ் அவளுக்குப் பின்னால் போய் நின்று ஆணையிட்டாள். காடை விர்ரென்று எழும்பியது. முதல் வெடி வீணாயிற்று. இரண்டாவதில் பறவை மடங்கித் தாளுக்குள் விழுந்தது. தோள் தீயாய் எரிந்தது. டான்சி போய், தலையைத் தூக்கியபடி திரும்பி வந்து, எதிரே உட்கார்ந்தாள். கிளெனிஸ் கையை நீட்டினாள். சூடான, கனமே இல்லாத உடம்பு உள்ளங்கைக்கு வந்தது. நடுவர் வந்து சேர்வதற்குள் அவள் கட்டைவிரல் தானாக விலாவைத் தேடிப் போனது. ஒவ்வொரு எலும்பும் அதனதன் இடத்தில் இருந்தது. இத்தனை நாள் எதற்காக வேண்டினாளோ அது கையில் இருந்தும், எங்கேயாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று கூட நினைத்தாள்.

மெர்வின் வாங்கித் தடவிப் பார்த்தார். "முழுசா இருக்கு. இந்த நாயையா முரடுன்னு சொன்னாங்க?" என்றார். வரிசையில் கைதட்டினார்கள். டூகலும் தட்டினான். ராஸ் எல்லோருக்கும் முன்னால் வந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டான். அவன் உதடு ஜில்லென்றிருந்தது.

வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.  இரண்டு ஊர்கள் கடந்ததும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"காடையோட விலாவை நொறுக்கினது நீதானே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "அந்தக் கடலோர வீட்டுல ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவருதான் தெரியுது," என்றான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். வாயில்லாத ஜீவன் மேல ஏன் பழியைப் போட்டே?"

"சொன்னா நீ சரின்னுடுவே. இங்கேயே இருந்துடுவே. அப்புறம் சாகுற வரைக்கும் அதை உன் மூஞ்சியில நான் பாத்துட்டே இருக்கணும்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். 

பண்ணை வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ராஸ் இறங்கிப் பண்ணை வேலியின் கதவைத் திறந்து பிடித்தான். அவள் வண்டியை உள்ளே எடுத்து நிறுத்தி, அவன் ஏறுவதற்காக இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் ஏறவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வேலியோரமாக, வீட்டுக்கு எதிர்த்திசையில், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தான். பின்தட்டிலிருந்து தொப்பென்று குதித்த டான்சி வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காலடியை ஒட்டி ஓடினாள்.