நியூவர்க்குக்கு ஆறரை மணி நேரம்

ரமணிக்லாலின் கணக்கு தப்பாது என்பது ராஜ்கோட் இரும்புக்கடைத் தெருவில் கடை வைத்திருக்கும் அவரே பரப்பிய செய்தி. அமெரிக்காவில் இருக்கும் மகள் டிக்கெட் அனுப்பியதும் மனக்கணக்காகவே கழித்தார். மும்பையில் இரவு ஒரு மணிக்கு ஏற்றம், நியூவர்க்கில் காலை ஏழரைக்கு இறக்கம். ஆறரை மணி நேரம்.

"மும்பைக்கு ரயில்ல போகவே ஒரு ராத்திரி ஆகுது. அமெரிக்கா அதைவிடக் கிட்டவா?" என்றாள் மனைவி ஹன்சா.

"ப்ளேன் பறக்குதுடி. உருளல."

ஹன்சா சமண விரதக்காரி. சூரியன் மறைந்தால் மறுபடி உதிக்கும்வரை பல்லில் தண்ணீர் படாது. போன வருடம் அவளுக்குச் சிறுநீரகக் கல் எடுத்த டாக்டர், ஒரு ராத்திரிக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆறரை மணி நேரம்தானே என்று நம்பித்தான் ஏறினாள்.

பாதி ராத்திரி பறந்த பிறகு ரமணிக்லால் முன்சீட்டுத் திரையைத் தட்டினார். இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர். பத்து மணி நேரம். இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒரே கடிகாரம் போலக் கழித்திருக்கிறார். விமானம் மேற்கே ஓடுகிறது. இரவும் கூடவே ஓடி வருகிறது.

ஹன்சா விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம்தான்."

"உங்க தராசுல நிறுத்த கொஞ்சமா?"

உண்மையைச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தண்ணி குடிச்சிடு. பாவம் என் தலையில."

"அங்க ஏற்கெனவே இடமில்ல."

அவள் அசையும்போதெல்லாம் இவர் திரையைத் தட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் தாங்கினார். பிறகு பணிப்பெண்ணை அழைத்து, வலிக்கு ஒத்தடம் கொடுக்க ஏதாவது உண்டா என்று கேட்டார். எழுந்து நின்று கேட்டதில் அவர் கை ஜன்னல் மூடியில் ஊன்றியது.

"சார், அதைத் திறக்காதீங்க. வெயில் அடிச்சா எல்லாரும் எழுந்துடுவாங்க."

"எந்த வெயில்?"

"ஜூன் மாசம் சார். நாம வடக்கே வந்துட்டோம். இங்க ராத்திரியே குட்டி."

ரமணிக்லால் மூடியைத் தூக்கினார். மேகத்தின் விளிம்பில் சூரியன் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

ஹன்சா கைகூப்பி, உதட்டுக்குள் மந்திரம் சொல்லி முடித்தாள். பிறகு தண்ணீர் வாங்கினாள். ஒரு குவளை, இன்னொன்று, மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் விலாவிலிருந்து கையை எடுத்துப் பையைத் திறந்து காக்ரா என்ற மொறுமொறு ரொட்டியை எடுத்து உடைத்தாள்.

"திரும்பி வரப்ப கிழக்கே வரோம், அப்போ ராத்திரி..." என்று ரமணிக்லால் தொடங்கினார்.

"வாயைத் திறக்காதீங்க. பொண்ணுகிட்ட கேட்டுக்கிறேன்."

அவள் நீட்டிய பாதியை வாங்கி வாயைத் திறந்தார், தின்பதற்கு மட்டும்.