அம்பேல் பொத்தான்

ஆட்டத்தின் நடுவில் ஆள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிப்பதுதான் மணிமொழியின் பிழைப்பு. கேட்டால் சிரிப்பார்கள். பெண் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஏதோ பெரிய வேலையில் இருக்கிறாள் என்று அவளுடைய நைனா செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது ஓடிப்பிடித்து விளையாடுகிற வேலை என்று தெரிந்தபோது கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அப்புறம் அதே டீக்கடையில் பாதிப் பேர் ஃபோனில் மூழ்கி அந்த ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள் என்று கண்டதும் மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில், ஓர் உரக்கடைக்கு மாடியில் அவர்களுடைய அலுவலகம். மொத்தம் மூன்றே பேர். படம் வரைகிறவள் டெய்சி. சர்வரைக் கட்டி மேய்க்கிறவன் பக்கத்து அனந்தபுரத்து நெடுமாறன். ஆட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் மணிமொழி. 'கோட்டை ஓட்டம்' என்று பெயர். மலையும் மதிலும் சுனையுமாக இருக்கும் ஒரு கோட்டைக்குள் ஓர் அணி ஓடும், இன்னோர் அணி துரத்தித் தொடும். தொடப்பட்டவரின் பொம்மை திரையில் சிவந்துவிடும், அவர் அவுட். நேரம் முடியும்போது ஓடுகிற அணியில் ஒருவராவது மிச்சமிருந்தால் அவர்கள் ஜெயித்தார்கள். இல்லையென்றால் துரத்தியவர்கள் ஜெயித்தார்கள். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற ஆட்டம்.

ஆடுகிறவர்கள்தான் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆடுகிற ஜாதி இல்லை. பஸ் வந்துவிடும். மேனேஜர் வந்துவிடுவார். கரண்ட் போய்விடும். அம்மா ரேஷன் கடைக்குப் போகச் சொல்வாள். ஆள் போனதும் அவருடைய பொம்மை அடித்து வைத்த முளையாக நடுக்கோட்டையில் நிற்கும். எதிரணிக்காரன் நடந்து வந்து நிதானமாகத் தொட்டுவிட்டுப் போவான். அநியாயம் என்று இந்தப் பக்கம் கூச்சல் வரும். சரி, போனவரைத் தொடக் கூடாது என்று வைத்துப் பார்த்தால், மாட்டிக்கொள்ளப் போகிற நேரம் பார்த்து எல்லாருக்கும் பஸ் வந்துவிட்டது.

இதற்கு மணிமொழி கண்ட வழிதான் அம்பேல். சிங்கவரத்துத் தெருவில் அவள் சின்னப் பெண்ணாக ஓடிப்பிடித்தபோது, யாருக்காவது தண்ணீர் தாகம் எடுத்தாலோ வீட்டில் கூப்பிட்டாலோ 'அம்பேல்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்படிச் சொன்னவரை யாரும் தொடக் கூடாது. திரும்பி வந்து 'ஜூட்' என்றால் மறுபடியும் ஆட்டத்தில் சேர்த்தி. ஆனால் துரத்துகிறவர் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் அம்பேல் செல்லாது. இந்தச் சட்டத்தை அப்படியே எடுத்து ஆட்டத்தில் ஒரு பொத்தானாக வைத்துவிட்டாள். அமுக்கினால் பொம்மை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அமுக்காமல் பாதியில் ஓடினால் மதிப்பெண் குறையும். ஓடுவதே வழக்கமானால் ஆட்டத்தை விட்டே நீக்கம்.

இப்படி ஒரு நியாயமான ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்று ஆடுகிறவர்கள் எழுதினார்கள். மணிமொழி அவற்றையெல்லாம் படித்துப் படித்துப் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பிலேயே ஒரு சுற்று பெருத்துவிட்டாள் என்பது டெய்சியின் கட்சி. ஆட்டம் யார் பக்கமும் சாயாது என்று மணிமொழி மனதார நம்பினாள். பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் செஞ்சி அணி இருந்ததும், அதன் தலைவன் அவளுடைய தம்பி பிரசாந்தாக இருந்ததும் அவளை உறுத்தவில்லை. மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போகிற மினி லாரி ஓட்டுகிறவன் அவன். நாள் முழுக்க மேடு பள்ளம் பார்த்து ஓட்டுகிற கை, ஆட்டத்திலும் ஓட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பொங்கல் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் பிரசாந்திடமிருந்து ஒரு புகார் வந்தது. இறுதியில் அவர்களோடு மோதப் போகிறவர்கள் கோவில்பட்டிப் பக்கத்து அணி, 'கரிசல்காட்டுக் காளிகள்'. அவர்கள் ஆடுகிற ஆட்டங்களில் பாதியை நடுவிலேயே விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிறார்கள், ஒருமுறைகூட அம்பேல் போட்டதில்லை, சட்டப்படி நீக்க வேண்டும் என்பது புகார். நெடுமாறன் பார்த்துவிட்டு, உண்மைதான், நீக்கவேண்டிய எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்றான். நீக்கிவிட்டால் கோப்பை ஆடாமலே செஞ்சிக்கு.

மணிமொழி நீக்குகிற இடத்துக்கு வந்துவிட்டுத் தயங்கினாள். தோற்கப் போகிறவன் ஓடுவான், அதில் ஆச்சரியமில்லை. இவர்கள் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஓடியிருந்தார்கள். எதிரணியில் எல்லாரையும் தொட்டாகிவிட்டது, கடைசி ஆளை மதில் மூலையில் மடக்கியாகிவிட்டது, திடீரென்று ஆளைக் காணோம். ஏமாற்றுகிறவர் யாரும் தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்ள மாட்டார். அணித் தலைவியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

தலைவியின் பெயர் சண்முகக்கனி. அணியிலிருக்கும் எல்லாருமே ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்கள் என்று பேச்சு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிட்டாள். மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரம்தான் அவர்களுக்கு ஆட்ட நேரம். பிள்ளை முழித்தால் போச்சு, குழாயில் தண்ணீர் வந்தால் போச்சு. ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடவேண்டியதுதான். அவள் பேசுவதைக் கேட்கக் கேட்க மணிமொழிக்கு அவளைப் பிடித்துப்போனது. இருந்தாலும் கேட்கவேண்டியதைக் கேட்டாள். போகும்போது அம்பேல் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனால் என்ன?

"அத எப்பிடிக்கா அமுக்கச் சொல்லுதீய?" என்றாள் சண்முகக்கனி. "தொட்டில்ல பிள்ள அழுதுட்டு கெடக்கும்போது, அம்பேலுன்னு எழுதுன பட்டன அமுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அம்பேலுன்னா ஆள் போய்ச் சேந்தாச்சுன்னுல்லா அர்த்தம்."

அந்த அர்த்தமும் மணிமொழிக்குத் தெரிந்ததுதான். செஞ்சியிலும் யாராவது தொலைந்தால் 'ஆள் அம்பேல்' என்று சொல்வதுண்டு. ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு தெருவும், அந்தத் தெருவில் ஓடிய கால்களும் இருந்தன. அங்கே அந்தச் சொல்லோடு வெறும் சாவு மட்டும் போயிருக்கிறது. பின்னே அவர்கள் ஊரில் ஆட்டத்தை எப்படி நிறுத்துவார்கள் என்று கேட்டாள். உள்ளங்கையில் லேசாகத் துப்பிக் காட்டிவிட்டுப் போவோம் என்றாள் சண்முகக்கனி, பல் தேய்ப்பதைச் சொல்வதுபோல் சாதாரணமாக.

ஃபோனை வைத்ததும் மணிமொழி நெடுமாறனை ஒரு வேலை செய்யச் சொன்னாள். எந்தெந்த ஊர்க்காரர்கள் அந்தப் பொத்தானை அமுக்குகிறார்கள் என்று பார். பார்த்தார்கள். செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம், சென்னை என்று வடக்கே எல்லாரும் அமுக்கித் தள்ளியிருந்தார்கள். தெற்கேயும் மேற்கேயும் போகப் போக அமுக்குகிறவர்கள் அருகிக்கொண்டே போனார்கள். பாதியில் போனதற்காக மதிப்பெண் இழந்தவர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். செஞ்சி அணி முதலிடத்தில் இருந்ததற்குப் பிரசாந்தின் கை மட்டும் காரணமில்லை. யார் பக்கமும் சாயாத ஆட்டம் அத்தனை காலமும் ஒய்யாரமாகத் தன் சொந்த ஊர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் கடைக்காரரிடம் மல்லாட்டை கேட்டு, அவர் அப்படி ஒரு பொருளே கிடையாது என்று சாதிக்க, எதிரே குவிந்து கிடந்த வேர்க்கடலையைக் கையால் காட்டி வாங்கி வந்தவள் அவள். ஒரு சொல் எந்த ஊரோடு நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெய்சிக்கும் நெடுமாறனுக்கும்கூடத் தோன்றவில்லை. மூன்று பேரும் ஒரே மண்ணில் ஓடி விளையாடியவர்கள், ஒருத்தருக்காவது சந்தேகம் வந்தால்தானே.

அன்று சாயங்காலமே பொத்தானிலிருந்து சொல்லை எடுத்துவிட்டு, டெய்சி ஓர் உள்ளங்கையை வரைந்து வைத்தாள். அமுக்கினால் பொம்மையின் தலைக்கு மேலே என்ன சொல் தெரிய வேண்டும் என்பதை ஆடுகிறவரே எழுதிக்கொள்ளலாம். அநியாயமாகப் பறித்த மதிப்பெண்களையெல்லாம் திருப்பிக் கொடுத்து, தவறு எங்கள் மேல் என்று எல்லாருக்கும் அறிவித்தார்கள். செஞ்சி அணி பட்டியலில் மளமளவென்று இறங்கி எங்கோ நடுவில் போய் உட்கார்ந்தது. காளிகள் நீக்கப்படவில்லை. இறுதி ஆட்டம் உண்டு.

அதற்குப் பிறகு பிரசாந்த் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, குழம்பு வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான் கேட்டான். கூட்டாளிகள் அவனைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். சொந்த அக்காவே காலை வாரிவிட்டாள் என்று பேச்சு. அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேலைக்குப் போனால் மனம் லேசாகிவிடும். எந்தெந்த ஊர்களிலிருந்தோ மனிதர்கள் தங்கள் தெருச் சொற்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குள் ஆங்காங்கே பொம்மைகள் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றின் தலைமேலும் வேறொரு சொல். மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மத்தியானங்கள் உண்டு.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்குகிற நேரம் பார்த்து வைத்தார்கள். காளிகள் துரத்தினார்கள், செஞ்சி ஓடியது. இரண்டு பக்கமும் உள்ளங்கைப் பொத்தானை வேண்டியமட்டும் பயன்படுத்தினார்கள். யாருடைய பிள்ளையோ அழுதது, யாருடைய வீட்டுக்கோ விருந்தாளி வந்தார், ஆட்டம் யாருக்காகவும் கோணாமல் நடந்தது. கடைசியில் ஓடுகிறவர்களில் பிரசாந்த் மட்டும் மிச்சம். சண்முகக்கனி அவனைச் சுனையோரம் மடக்கிவிட்டாள். நேரம் முடியப் போகிறது. அவள் கையை நீட்டினாள். சிங்கவரத்தில் கரண்ட் போனது, கூடவே வீட்டு வைஃபையும்.

நேரம் முடிந்தது. சர்வரின் கணக்கில் பிரசாந்த் தொடப்படவில்லை. ஆகவே கோப்பை செஞ்சிக்கு.

தொட்டுவிட்டேன் என்றாள் சண்முகக்கனி. அவளுடைய திரையில் தொட்டதாகத்தான் இருந்தது. ஆனால் துரத்துகிறவரின் திரை எப்போதும் கொஞ்சம் அவசரக் குடுக்கை. தொடாததையும் தொட்டதாகக் காட்டும். அதனால்தான், தொடப்பட்டவரின் ஃபோன் எதைச் சொல்கிறதோ அதையே சர்வர் ஏற்கும் என்று ஆட்டத்தை அமைத்திருந்தார்கள். இந்தமுறை அந்த ஃபோன் சொல்ல வாயில்லாமல் போய்விட்டது. என்ன நடந்தது என்று நெடுமாறனால் சொல்ல முடியாது, மணிமொழியால் சொல்ல முடியாது. உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

சட்டத்தை மீறிக் காளிகளுக்குக் கொடுக்க வழியில்லை. சட்டப்படி செஞ்சிக்குக் கொடுத்தால், தம்பிக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஊர் உலகம் சொல்லும். ஊர் சொல்வது போகட்டும், அவளுக்கே அது நியாயமா என்று தெரியவில்லை. அதுதான் அரித்தது. சண்முகக்கனியே அவளைத் தேற்றினாள். மெஷின் சொன்னா சரிதாங்கா, அடுத்த பொங்கலுக்குப் பாத்துக்கிடுவோம் என்றாள். அந்தப் பெருந்தன்மையைக் கேட்டபோது மணிமொழிக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. முடிவை அறிவிக்கவேண்டிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

கீழே பைக் சத்தம் கேட்டது. படியேறி வந்தவன் பிரசாந்த். ஜெயித்த கெத்தில் வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் டெய்சியையும் நெடுமாறனையும் பார்த்தான். அப்புறம் இத்தனை நாள் பேசாதவன் பேசினான்.

"அவுங்க தொட்டுட்டாங்கக்கா."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னான். "என் பொம்ம செவந்துச்சு. அப்புறந்தான் கரண்ட்டு போச்சு. நான் பாத்தேன்."

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நெடுமாறன் கேட்டான். வீட்டில் பசங்கள் எல்லாரும் கூடியிருக்கிறார்கள், ஃபோனை எடுத்தால் பிடுங்கிவிடுவார்கள், பெட்ரோல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றான் பிரசாந்த். இனி அவன் வீடு திரும்பினால் என்ன பாட்டு விழும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவனும் தெரிந்துதான் வந்திருந்தான்.

எத்தனை ஓட்டைகளை அடைத்திருப்பாள், எத்தனை தில்லுமுல்லுக்குச் சட்டம் எழுதியிருப்பாள். இப்படி ஒருத்தன் வருவான் என்று அவள் எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. மணிமொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாப்டியாடா?" என்று கேட்டாள். வேறு எதைக் கேட்க வாயெடுத்தாலும் அழுதிருப்பாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவன் டெய்சியின் டப்பாவைத் திறந்து பார்த்தான்.

கோப்பை காளிகளுக்கு என்ற அறிவிப்பை அனுப்பியதும் கோவில்பட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லாரும் ஒரே ஃபோனில் ஒரே நேரத்தில் பேசினார்கள். எழுந்துவிட்ட பிள்ளைகளின் அழுகையும் சேர்ந்து கேட்டது. ஒருவழியாகச் சண்முகக்கனியின் குரல் தனியாக வந்தது. மெஷினுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். தொடப்பட்டவரே வந்து சொன்னார் என்றாள் மணிமொழி.

சண்முகக்கனி பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டுக் கேட்டாள். "அந்தத் தம்பிக்கு நெசமாவே செஞ்சிதானாக்கா ஊரு?"

பொத்தான் விஷயம் வெளிப்பட்ட நாளிலிருந்து மணிமொழி யாரிடமும் தன் ஊரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால் விழுப்புரம் பக்கம் என்று பொதுவாகச் சொல்லி மழுப்பிவிடுவாள். இப்போது எதிரே உட்கார்ந்து அடுத்தவள் டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"செஞ்சி. எங்க ஊருதான். என் தம்பி."